கையால் செய்யும் வெற்றிக்கோப்பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனை மையமாக வைத்து வேலை செய்யும் சிறிய குழு எங்களுடையது. டிசைனும் மரக்கடைசலும் ரங்கூனில், உலோக வார்ப்பு மாண்டலேயில், யூன் என்று இங்கே சொல்லும் மரப்பால் மெருகு வேலை பகானில் நடக்கின்றன. கோயில் திருவிழா விளையாட்டு, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, தெருக் கால்பந்து, கம்பெனி விருது என்று பல தேவைகளோடு வருகிறார்கள். அவர்கள் கேட்பதையும், இந்த வேலையில் இறங்க நினைக்கும் தம்பி தங்கைகள் கேட்பதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

கடையிலேயே கப்பு கிடைக்கும்போது கையால் எதற்குச் செய்ய வேண்டும்?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். நிறையப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயப் பரிசு கொடுக்க வேண்டும், விழா அடுத்த வாரம் என்றால் கடைக் கப்பே சரி. நாங்களே அப்படித்தான் சொல்லி அனுப்புவோம். ஆண்டுதோறும் கைமாறும் கோப்பை, ஓய்வுபெறும் ஆசிரியருக்குக் கொடுப்பது, ஒரு சங்கம் தன் நூற்றாண்டுக்குச் செய்து வைப்பது, இவை வேறு. எந்த ஊரில், யார், எதற்காகக் கொடுத்தார்கள் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். அச்சில் ஊற்றிய பிளாஸ்டிக் கப்பின் ஸ்டிக்கரை உரித்துவிட்டால் அது எந்த ஊர்க் கப்பாகவும் ஆகிவிடும்.

ஒரே ஒரு கோப்பைக்கு ஒரு குழுவே எதற்கு?

மரம் கடைபவருக்கு வார்ப்பு தெரியாது, வார்ப்பவருக்கு யூன் தெரியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. டிசைனர் தனியாக உட்கார்ந்து அழகாக வரைந்து, வாடிக்கையாளரிடம் ஒப்புதலும் வாங்கி, அப்புறம் அதைப் பட்டறைக்கு அனுப்புவதுதான் வழக்கமாக நடப்பது. அங்கே போனதும் கைப்பிடி மெலிசாக இருக்கிறது, உருகிய பித்தளை அதற்குள் ஓடி முடிவதற்குள் இறுகிவிடும் என்று சயா சொல்வார். (கைவேலை ஆசானை இங்கே எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறோம்.) உடனே கைப்பிடியைத் தடியாக்குவார்கள். அது தடித்தால் கழுத்து ஒல்லியாகத் தெரியும். கழுத்தையும் மாற்றுவார்கள். கடைசியில் வந்து சேரும் கோப்பை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட கோப்பையாக இருக்காது.

அதனால் எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. முதல் பேச்சிலேயே செய்யப்போகிறவர்கள் இருக்க வேண்டும். மாண்டலேக்கும் ரங்கூனுக்கும் 600 கிலோமீட்டர் இருக்கிறது, எல்லோரும் ஒரே மேசையில் உட்கார முடியாதுதான். வைபரில் கூப்பிட்டு, கைப்பட வரைந்த கோட்டோவியத்தைக் காட்டிப் பேசினாலே போதும். சயா பத்து நிமிடம் பார்த்துச் சொல்வது பின்னால் பல வாரத்தை மிச்சப்படுத்தும்.

இன்றைய கால்பந்து உலகக் கோப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஜூல் ரிமே கோப்பையை 1970-இல் பிரேசில் நிரந்தரமாகப் பெற்றுக்கொண்ட பிறகு, புதிய கோப்பைக்கு 53 டிசைன்கள் வந்தன. தேர்வானது சில்வியோ கட்சானிகா என்ற இத்தாலியச் சிற்பியுடையது. அவர் மிலான் பகுதியில் கோப்பையும் பதக்கமும் செய்யும் பெர்டோனி நிறுவனத்தில் வேலை செய்தவர். உலோகத்தோடு பழகியவர் கையிலிருந்து வந்த வடிவம் அது. டிசைனரையும் பட்டறையையும் பிரிக்கக் கூடாது என்று நாங்கள் பிடிவாதமாக நிற்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

முதல் சந்திப்பில் என்ன கேட்பீர்கள்?

எந்த நிறம், எந்த வடிவம் என்று தொடங்க மாட்டோம். யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், வாங்கியவர் அதை என்ன செய்வார் என்றுதான் கேட்போம். மைதானத்தில் ஜெயித்த பையன்கள் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடுவார்களா? மேடையில் ஒரு பாட்டி இரண்டு கையால் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாரா? பள்ளி ஆபீஸ் அலமாரியில் கண்ணாடிக்குள் நிற்குமா? மூன்றும் மூன்று வேறு கோப்பை. அலமாரியில் நிற்பது என்றால் அந்த அலமாரித் தட்டின் உயரத்தை அளந்து அனுப்பச் சொல்வோம்.

அப்புறம், முடிவு சொல்லும் ஆள் யார் என்று கேட்போம். சங்கங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர், நன்கொடை கொடுத்த ஐயா என்று நால்வரும் கருத்துச் சொல்வார்கள். சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம். ஆனால் எங்களிடம் பேச ஒருவரை அவர்களே நியமிக்க வேண்டும். இதை முதல் நாளே கேட்பது சிலருக்கு மரியாதைக் குறைவாகப் படலாம். கேட்காமல் விட்டால் பாதி வேலையில் நான்கு பேருக்கும் வருத்தம் வரும்.

எந்தப் பொருளில் செய்வது நல்லது?

எதற்கும் ஒரே பதில் கிடையாது. ஆனாலும் எங்களுக்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

தேக்கும் படவுக் மரமும் இந்த மண்ணின் மரங்கள். தேக்கு ஈரத்துக்கு அதிகம் நெளியாது, கடைசலுக்கு இணங்கும். படவுக் செந்நிறம், கனமானது. அதன் மஞ்சள் பூ ஏப்ரலில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாச் சமயத்தில் பூப்பதால், ஊர் நினைவு வேண்டும் என்பவர்கள் அந்தப் பூவையே கேட்கிறார்கள். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை பெய்யும் மழையில், காயாத மரத்தில் கடைந்த கோப்பை பின்னால் வெடிக்கும்.

பித்தளை, வெண்கலம் என்றால் மாண்டலேயின் தம்பவதி பகுதி. புத்தர் சிலைகளும் கோயில் மணிகளும் வார்க்கும் பட்டறைகள் அங்கேதான். முறை சுவாமிமலையில் செய்வது போன்ற மெழுகு வார்ப்புதான். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியே ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவது. சுவாமிமலைச் சிலைகள் பெரும்பாலும் உள்ளே கெட்டியான கன வார்ப்பு. இங்கே நடுவில் களிமண் கரு வைத்துப் பொள்ளலாக வார்ப்பார்கள். கோப்பைக்குப் பொள்ளல்தான் ஏற்றது, எடை குறையும். ஒவ்வொரு வார்ப்புக்கும் மண் அச்சை உடைக்க வேண்டும் என்பதால் இரண்டு கோப்பை ஒன்றுபோல் அச்சசலாக வராது. அதைக் குறையாக நினைப்பவர்களுக்கு இந்த முறை சரிப்படாது.

யூன்தான் எங்கள் விருப்பம். மெல்லிய மூங்கில் பட்டையைச் சுற்றியோ பின்னியோ உடலைச் செய்து, திட்சி என்ற மரப்பாலைப் பூச்சுப் பூச்சாக ஏற்றுவார்கள். இந்தப் பால் ஷான் மாநிலக் காடுகளிலிருந்து வருகிறது. சாம்பலோ மரத்தூளோ கலந்த திட்சிக் களிம்பால் இடுக்குகளை அடைத்து, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். மெல்லிய கிண்ணமாக இருந்தால் மூங்கிலோடு குதிரை முடியும் சேர்த்துப் பின்னுவது உண்டு. அப்படிச் செய்த கிண்ணத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் அழுத்தினால் வளைந்து கொடுத்து மீண்டும் வட்டமாகிவிடும். முடிவில் ஊசிமுனைக் கருவியால் கோலம் கீறி, கீறலில் வண்ணம் நிரப்புவார்கள். தங்க ரேக் ஒட்டுவதும் உண்டு, அந்த ரேக்கை மாண்டலேயில் இன்றும் சுத்தியலால் அடித்துத்தான் மெலிதாக்குகிறார்கள். பகானில் இதற்கென்று அரசுப் பள்ளி 1924-இல் தொடங்கியது, இப்போது கல்லூரியாக நடக்கிறது. கையில் எடுத்தால் எடையே தெரியாத, ஆனால் உள்ளே பல மாத உழைப்பு இருக்கும் ஒரு பொருளைப் பரிசாகக் கொடுப்பதில் ஒரு தனி மதிப்பு இருக்கிறது என்று மனதார நம்புகிறோம்.

சலவைக்கல்லை அடிப்பீடத்துக்கு மட்டும் சொல்வோம்.

எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

மரம் மட்டும் என்றால் சில வாரம். வார்ப்பு என்றால் இரண்டு மூன்று மாதம். நல்ல யூன் வேலைக்கு ஆறு மாதம்.

ஆறு மாதமா என்று எல்லோரும் அதிர்ச்சி அடைகிறார்கள். திட்சி வெயிலில் காயாது, ஈரக்காற்றில்தான் இறுகும். அதனால் தரைக்கடியில் கட்டிய குளிர்ந்த அறையில் வைத்து உலர்த்துகிறார்கள். ஒரு பூச்சு இறுக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஏழெட்டுப் பூச்சாவது வேண்டும், உயர்ந்த ரகத்துக்கு இன்னும் அதிகம். பணம் கூடக் கொடுத்தாலும் மரப்பால் வேகமாக இறுகாது. அவசரம் என்றால் வேறு பொருளுக்குப் போவோமே தவிர பூச்சைக் குறைக்க மாட்டோம்.

திஞ்சான் சமயத்தில் பட்டறைகள் மூடியிருக்கும். கடைசல், பாலிஷ் வேலை மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் நடக்கும். இதையெல்லாம் விழா தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒரு வார இடைவெளியும் விட்டு, நாள் சொல்வோம்.

உயரமும் எடையும் எவ்வளவு இருக்கலாம்?

பெரிதாக இருந்தால் கௌரவம் என்ற எண்ணம் நம்மிடம் பலமாக இருக்கிறது. உலகக் கோப்பையின் உயரம் 36.8 சென்டிமீட்டர்தான், ஒரு முழத்துக்கும் குறைவு. எடை 6.175 கிலோ. வளர்ந்த விளையாட்டு வீரர்கள் தூக்குவதால் அது சரி.

எடையைக் கணக்குப் போட ஒரு எளிய வழி உண்டு. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரக் கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். தேக்கில் அது சுமார் 650 கிராம், சலவைக்கல்லில் 2.7 கிலோ, பித்தளையில் 8.5 கிலோ. படத்தில் ஒரே மாதிரி தெரியும் பீடம் பொருள் மாறினால் கையில் எப்படி மாறும் என்று இதிலேயே தெரியும். சின்னப் பிள்ளைகள் வாங்கும் கோப்பை ஒரு வீசைக்குள், அதாவது 1.63 கிலோவுக்குள், இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. கனம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மேலே கனத்து அடி லேசாக இருந்தால் மேசை விரிப்பு லேசாக இழுபட்டாலே கவிழும்.

வரைபடம் பார்த்தாலே புரிகிறதே, மாதிரி எதற்கு?

வரைபடத்தைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. கட்சானிகாவும் காகிதத்தில் வரைந்ததோடு நிற்காமல் மாதிரி உருவமும் செய்து காட்டியவர்தான். நாங்கள் அட்டை, களிமண், மலிவு மரம் என்று கிடைத்ததில் அசல் அளவுக்கே ஒன்று செய்து, அசல் எடை வரும்படி உள்ளே மணல் நிரப்பி, வாடிக்கையாளர் கையில் கொடுப்போம். தூக்கச் சொல்வோம். பக்கத்தில் நின்று போட்டோ எடுப்போம். பெரும்பாலான மாற்றங்கள் அந்த நிமிடத்தில்தான் வரும்: கை நழுவுகிறது, விரல் சின்னத்தை மறைக்கிறது, பரிசு கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே சமயத்தில் பிடிக்க இடம் இல்லை. களிமண்ணில் இதைத் திருத்த அரை நாள் போதும்.

வார்ப்புக்குப் போகும் மெழுகு உருவம் அசலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். உலோகம் ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். 30 சென்டிமீட்டர் உயரத்தில் அது கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர். மரப்பீடத்தில் அளவாகப் பொருந்த வேண்டிய துண்டுக்கு இந்த அரை சென்டிமீட்டர் பெரிய விஷயம். அதனால் வார்ப்பு வந்த பிறகுதான் பீடத்தின் குழியைக் கடைவோம்.

மயில், பகோடா, சிங்கம் எதை வேண்டுமானாலும் வைக்கலாமா?

மயில் கேட்காத தமிழ் வாடிக்கையாளர் குறைவு. நமக்கு அது முருகன் வாகனம். இந்த நாட்டிலோ கொன்பவுங் மன்னர்களின் கொடியிலும் பின்னால் மாணவர் இயக்கக் கொடியிலும் இருந்த பறவை. தோகையும் நிற்கும் நிலையும் மாறினால் பார்ப்பவருக்கு அர்த்தமும் மாறிவிடும். எனவே வேலோடு சேர்த்து, கோயில் வாகனத்தில் நிற்பது போலவே செய்யச் சொல்கிறோம். குழுவில் உள்ள பர்மிய நண்பர்களிடம் ஒருமுறை காட்டாமல் எந்தச் சின்னத்தையும் இறுதி செய்வதில்லை.

புத்தர் உருவத்தைக் கோப்பையில் வைக்க மாட்டோம். பகோடாவும் வேண்டாம் என்றுதான் சொல்வோம். நம் சாமி படத்தைக் கால் படும் இடத்தில் வைத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் போதும். சிந்தே என்ற காவல் சிங்கம், பெகுவின் சின்னமான ஹிந்தா பறவை, செடிகொடிக் கோலங்கள் என்று அழகானவை நிறைய உண்டு. பெகு ஹிந்தா நம் அன்னம்தான். ஆண் பறவையின் முதுகில் பெண் பறவை நிற்கும் அந்த வடிவம் குழு விளையாட்டுக்கான கோப்பையில் மிகப் பொருத்தமாக அமையும். பந்து விளையாட்டு என்றால் சின்லோன் பிரம்புப் பந்தின் பின்னல்: ஐங்கோண ஓட்டைகள் 12, பின்னல் சந்திப்புகள் 20. இதை மெழுகில் செய்வது கடினம், ஆனால் பிரம்பிலேயே பின்னி மேலே திட்சி பூசினால் கண்ணைப் பறிக்கும்.

குழுவுக்குள் கருத்து மாறுபட்டால் யார் சொல்வது நிற்கும்?

வடிவம் எப்படித் தெரிய வேண்டும் என்பதில் டிசைனர் சொல். பொருள் தாங்குமா, தாங்காதா என்பதில் அந்தப் பொருளில் வேலை செய்பவர் சொல். இரண்டும் மோதினால் பொருளே ஜெயிக்கும். டிசைனரின் மனம் கொஞ்சம் வருந்தும். இருந்தாலும் சயா முடியாது என்று சொல்லும்போது, எப்படிச் செய்தால் முடியும் என்று அவரையே கேட்டால் பல சமயம் முன்னைவிட நல்ல வழி கிடைக்கிறது. அது அவர் டிசைன் என்று வாடிக்கையாளரிடமும் சொல்லிவிடுவோம்.

நடுவில் மாற்றம் சொல்லலாமா?

மாதிரி கட்டம் வரை தாராளமாக. மெழுகு உருவம் முடிந்த பிறகு செலவு கூடும். உலோகம் ஊற்றிய பின்னும், யூனில் கீறல் தொடங்கிய பின்னும் முடியாது.

பெயரையும் வாசகத்தையும் எப்படி அனுப்புவது?

இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவிடுகிறோம். கோப்பை எவ்வளவு அழகாக இருந்தாலும் பெயரில் ஒரு எழுத்து தவறினால் வாங்கியவருக்கு அது என்றைக்கும் உறுத்தும்.

பர்மிய எழுத்தில் இரண்டு முறை புழங்குகிறது. 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய சவ்ஜி எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல்கள் இன்னும் வருகின்றன. ஒன்றை மற்றொன்றில் திறந்தால் எழுத்துகள் சிதறும். தமிழிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களால் இதே தொல்லை உண்டு. அதனால் தட்டச்சுப் பட்டியலோடு, கையால் தெளிவாக எழுதிய தாளின் போட்டோவும் கட்டாயம் வேண்டும். பொறிப்பவர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருப்பார், எழுத்தை அவர் ஓவியமாகப் பார்த்துத்தான் கீறுவார். எனவே தமிழ் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பார். ண, ன வேறுபாடும் கால், கொம்பு போன்றவையும்தான் அதிகம் தவறுபவை. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த உயரத்தில் ஞ, ணை போன்றவற்றின் சுழிகளுக்குள் வண்ணம் தேங்கி அடைத்துக்கொள்ளும். அதைவிடச் சிறிதாகப் பொறிக்க மாட்டோம்.

இங்கே நம்மில் பலருக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று, பர்மியப் பெயர் ஒன்று. எந்தப் பெயரைப் போட வேண்டும் என்று அவரவரிடமே கேளுங்கள், விழாக் குழுவே முடிவு செய்ய வேண்டாம். இரண்டையும் போட இடம் உண்டு. பர்மியப் பெயருக்கு முன்னால் வரும் ஊ, டோ, கோ, மா மரியாதைச் சொற்களையும் விட்டுவிடக் கூடாது.

குறள் பொறிக்கச் சொல்பவர்கள் முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று என்ற அமைப்புக்கு இடம் இருக்கும்படி அகலத்தை முதலிலேயே சொல்லுங்கள். இடம் போதவில்லை என்று அடியை நடுவில் உடைப்பதற்குப் பதிலாக, கோப்பையைச் சுற்றி ஒரே வளையமாக ஓடவிடுவது நல்லது.

தமிழ் எழுத்து இந்த நாட்டுக்குப் புதியதல்ல. பகான் அருகே மியின்கபாவில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி, நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததை அது சொல்கிறது. கொடுத்தவர், ஊர், கொடுத்த பொருள், பெற்ற இடம் எல்லாம் அதில் உண்டு. கோப்பையில் என்ன எழுதுவது என்று தடுமாறுகிறவர்களுக்கு அந்த வரிசையையே சொல்கிறோம். இன்று யூன் வேலை மும்முரமாக நடப்பதும் அதே மியின்கபாவில்தான்.

சுழற்கோப்பைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

குறைந்தது 20 ஆண்டுப் பெயர்களுக்கு. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையில் பெயர்கள் வளையங்களில் இருக்கும். அவை நிறைந்துவிட்டால் பழைய வளையத்தைக் கழற்றிப் பாதுகாத்து, புதியதைச் சேர்ப்பார்கள். நாங்களும் பீடத்தை அடுக்கு வளையங்களாக, திருகிக் கழற்றும்படி செய்கிறோம். கழற்றிய வளையத்தைச் சங்கம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

விலை எப்படிச் சொல்வீர்கள்?

உலோகம், தங்க ரேக் விலை மாறிக்கொண்டே இருப்பதால் பொருள் செலவைத் தனியாக, கூலியைத் தனியாக எழுதிக் கொடுப்போம். முன்பணத்தில் பொருளை உடனே வாங்கிவிடுவோம். கூலியில் பேரம் பேச வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். திட்சி உடம்பில் பட்டால் பலருக்குத் தோல் தடித்து அரிக்கும், அதைப் பொறுத்துப் பழகியவர்களின் கூலி அது. பணம் போதாது என்றால் அளவைக் குறைக்கலாம், வேலைப்பாட்டைக் குறைக்கலாம்.

எப்படிப் பாதுகாப்பது?

யூனை மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிட், சோப்பு, நேர் வெயில் ஆகாது. ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வைக்காதீர்கள், ரொம்ப உலர்ந்தால் விரிசல் விடும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம், குத்துவிளக்குக்குச் சரி. கோப்பையில் நிறமேற்றிய இடமும் தங்க ரேக்கும் இருந்தால் அப்படித் தேய்ப்பதில் அவை போய்விடும். மரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் தேன்மெழுகு.

செய்தவர்களின் பெயர் கோப்பையில் வருமா?

வரும். இதில் மட்டும் வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்பதில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பீடத்தின் அடிப்பக்கத்தில், தரையோடு ஒட்டும் விளிம்புக்கு உள்ளே, கடைந்தவர், வார்த்தவர், மெருகிட்டவர், கீறியவர், வரைந்தவர் எல்லோர் பெயரும் ஆண்டும் சிறிய பித்தளைத் தகட்டில் இருக்கும். பர்மியர் பெயர் பர்மிய எழுத்தில், தமிழர் பெயர் தமிழில். பல ஆண்டு கழித்து யாராவது பழுது பார்க்க எடுத்து வந்தால், எந்தப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தத் தகட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.